வண்டி ராத்திரிக்குத்தான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜ் ஒன்றில் எட்டிப் பாருங்கள். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் பைகள் குவிந்து கிடக்கும். அறையைக் காலி செய்தாயிற்று, வண்டியோ ராத்திரிக்குத்தான். நடுவே ஒரு முழுப் பகல் மிச்சம் இருக்கிறது. விட்டுப்போன சென்னை மொத்தத்தையும் அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வாசலில் ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். பரீட்சை லீவில் இப்படி லாட்ஜுக்கு ஒரு குடும்பமாவது தேறும்.

இந்தக் கோடையில் அது என் அக்கா குடும்பம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தவர்கள். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். அக்காவுக்கு ரங்கநாதன் தெரு, அத்தானுக்கு எம்.ஜி.ஆர். சமாதி, அத்தானின் அம்மாவுக்குக் கபாலீஸ்வரர், பத்தாவது எழுதிய மருமகளுக்கு மெட்ரோ, சின்னவனுக்கு டைனோசர். வழிகாட்டி நான்.

இந்த ஊரில் கடைசி நாளைத் தீர்மானிப்பது ஆசை இல்லை, பூட்டு. திங்கட்கிழமை கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் திறக்காது. மதியம் ஆனால் கோயில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி நான்கு மணிக்குத்தான். இது தெரியாமல் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வெளியூர்க்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு நல்ல நாள், எல்லாம் திறந்திருக்கும். ஆனால் வண்டலூர் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தாம்பரத்தையும் தாண்டி, 602 ஹெக்டேர் காடு. அதற்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மயிலாப்பூர் சீக்கிரம் முடிந்தது. அத்தை கற்பகாம்பாள் சந்நிதியில் நின்ற நேரத்தைவிட மெட்ரோ வேலைக்காக அடைத்த தெருக்களைச் சுற்றி ஆட்டோ வந்து சேர்ந்த நேரம் அதிகம். வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக்குப் போய்விட்டோம். 1987-இல் மறைந்த எம்.ஜி.ஆரின் கைக்கடிகாரம் இன்னும் உள்ளே ஓடுகிறது என்பது நம் மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அத்தானும் வரிசையில் நின்று பளிங்கில் காது வைத்தார்.

“கேக்குதா அத்தான்?”

“கேக்குற மாதிரிதான் இருக்கு மாப்ள.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. உழைப்பாளர் சிலைக்கு முன்னால் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 1959-இல் அங்கே வைத்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நால்வர் பாறையை நெம்புகிற அந்தச் சிலையை நாம் பஸ் ஸ்டாப் அடையாளமாக்கிவிட்டோம். ஒரு நிமிஷம் அந்த முதுகுகளைப் பார்க்கச் சொன்னேன். மருமகள் மட்டும் பார்த்தாள்.

அவளுக்கான மெட்ரோ அங்கிருந்து தூரமில்லை. அரசினர் தோட்டத்தில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினோம். வெயில் உச்சிக்கு வரும் நேரம் பூமிக்கு அடியில், ஏசியில். ஆட்டோ பேரம் மிச்சம். அத்தை எஸ்கலேட்டர் முன்னால் செருப்பைக் கழற்றப் போனார். அக்கா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

இனி நான் அடம் பிடித்த இடம். எழும்பூர் ரயிலடியிலிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். வண்டிக்கு மணிக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் பேப்பர் விரித்துப் படுத்திருப்பதை என்னால் தாங்க முடிவதில்லை. 1851-இல் தொடங்கியது. கல்கத்தா அருங்காட்சியகம் ஒன்றுதான் இந்தியாவில் இதற்கு மூத்தது. அந்தக் காலத்துப் பட்டணவாசிகள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். முதலில் உயிருள்ள மிருகங்களும் இங்கேதான் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பில் இருந்தபோது சேர்த்தவை. பிறகு பார்க் டவுனுக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குக் குடியேறின. “அப்ப இதுதான் வண்டலூரோட தாத்தா வீடு” என்று சின்னவனிடம் சொல்லிப் பார்த்தேன். திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்ட பிறகுதான் அவன் என்னை மன்னித்தான்.

வெண்கலக் கூடம் தனிக் கட்டடம். திருவாலங்காட்டு நடராசர் இங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையைப் புகைப்படத்தில் பார்த்தே சொக்கிப்போய் எழுதிய கட்டுரை 1921-இல் அச்சானது. நேரில் பார்க்கக் கிடைத்த நாம் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடுகிறோம். திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இங்கன பூசை கிடையாதா?” என்று காவலரிடம் கேட்டார். அவர் பழகிய சிரிப்பு ஒன்றைச் சிரித்தார்.

தொல்லியல் பிரிவில்தான் குடும்பம் மொத்தமும் நின்றது. பெயர்ப்பலகையில் ஆதிச்சநல்லூர் என்று இருந்ததை மருமகள் படித்துவிட்டாள். அவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினம் கடந்து போகும் பரம்பு. 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதன்பின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியவை சென்னைக்கு வந்தன. முதுமக்கள் தாழிகள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் பொன் தகடுகள், எருமையும் பறவையுமாக உருவம் வைத்த வெண்கல மூடிகள். ரீ போட்ட பட்டியல் 1915-இல் புத்தகமாகவே வந்தது.

“ஏய்யா, நம்ம ஆத்தங்கரைப் பானையப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்த?” என்றார் அத்தை. கோபமில்லை, ஆனால் கேள்வி நியாயமானது. அத்தான் அதைவிட நியாயமாகக் கேட்டார்: “நம்ம ஊர்ச் சாமான் நம்ம ஊர்ல ஏன் இல்ல?” இப்போது ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள், 2023-இல் திறந்தது. அவர்கள் யாரும் இன்னும் அங்கே போனதில்லை. உள்ளூரில் இருப்பதற்கு நாள் குறிக்க யாருக்குத் தோன்றுகிறது? நானும் கலங்கரை விளக்கத்தில் ஏறியது ஊரிலிருந்து விருந்தாளி வந்த பிறகுதான்.

அக்காவின் பொறுமை அதற்குள் தீர்ந்திருந்தது. எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். 1931-இல் இருந்து இந்தத் தடத்தில் ஓடுகிறது, தி.நகர் நெரிசலுக்கு இதைவிட நல்ல மருந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாம்பலத்தில் இறங்கியதும் ரங்கநாதன் தெரு வாசலைத் திறந்துவிடும். பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை போட்டிருக்கிறார்கள். அத்தையையும் சின்னவனையும் அதன் மேலே நிறுத்திவிட்டு நாங்கள் தெருவுக்குள் இறங்கினோம். மேலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும்தான் தெரியும் என்று பிறகு சின்னவன் சொன்னான்.

அக்கா வாங்கியவற்றில் பாதி பாளையங்கோட்டையிலேயே கிடைக்கும். சொல்லியும் பார்த்தேன். “அங்க வாங்குனா சென்னைல வாங்குனதுன்னு சொல்ல முடியுமால?” என்றாள். பதில் இல்லை.

திரும்பும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. லாட்ஜில் பைகளை எடுத்து எண்ணினால் காலையில் வைத்ததைவிட இரண்டு கூடியிருந்தன. இட்லி பார்சல் கட்டி, பிளாட்பாரத்தில் பெட்டியைத் தேடி ஏறியதும் அத்தைக்கு மேல் பெர்த் விழுந்த பஞ்சாயத்து ஆரம்பித்தது. எதிரில் இருந்த கல்லூரிப் பையன் அத்தான் கேட்கும் முன்பே எழுந்துகொண்டான். சின்னவன் திமிங்கிலத்தின் நீளத்தைப் பெட்டியிலிருந்த எல்லாருக்கும் கைகளால் காட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி காலையில் நெல்லை போய்ச் சேரும். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ். “வீட்ல பால் சொல்லாம வந்துட்டோமே” என்று அக்கா அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.