ஆயுள் தடையா, ஆறு ஆண்டுகளா?

புதுதில்லி: குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் ஆயுள் முழுவதும் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்ற கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. தகுதியிழப்புக் காலத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அது பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆவது பிரிவின்படி, பொதுவாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையான பின்னரும் 6 ஆண்டுகள் போட்டியிட முடியாது. கடைநிலை அரசு ஊழியர் தண்டிக்கப்பட்டால் வேலையே போய்விடும். சட்டம் இயற்றுவோருக்கு மட்டும் ஏன் சலுகை என்பது மனுதாரர் தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விடை அத்தனை எளிதல்ல.

தமிழகம் இதை நன்கறியும். டான்சி வழக்கில் 2000 அக்டோபரில் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் 2001 தேர்தலில் நிராகரிக்கப்பட்டன. ஆயினும் அவர் முதல்வரானார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2002-இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் முதல்வரானார். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே இறுதியாகக் கொண்டு ஆயுள் தடை விதிப்பதில் உள்ள சிக்கல் இதுவே.

பதவியில் இருப்போர் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடர வழிசெய்த 8(4) பிரிவை, 2013 ஜூலை 10-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதை முறியடிக்க மன்மோகன் சிங் அமைச்சரவை அவசரச் சட்டம் கொண்டுவர முயன்றது. ராகுல் காந்தியின் பகிரங்க எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. விந்தை என்னவெனில், 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் தண்டித்தபோது அதே ராகுலின் பதவி மறுநாளே பறிபோனது. குற்றத் தீர்ப்பை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பின்னரே பதவி திரும்பக் கிடைத்தது.

ஆறா, ஆயுளா என்ற விவாதத்தில் மறைந்துபோவது வழக்குகளின் தாமதம்தான். ஓபுலாபுரம் சுரங்க வழக்கு 2009-இல் பதிவானது. ஹைதராபாத் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஜனார்தன ரெட்டிக்கு 7 ஆண்டுகள் சிறை விதித்தது 2025 மே 6-இல். அத்தண்டனையை தெலங்கானா உயர் நீதிமன்றம் மறுமாதம் நிறுத்தி வைத்தது. இடையே 2023-இல் அவர் கர்நாடகத்தின் கங்காவதியில் வென்று எம்எல்ஏ ஆகியிருந்தார். 1996-இல் பதிவான மாட்டுத்தீவன வழக்கில் லாலு பிரசாத் தண்டிக்கப்பட்டது 2013-இல். அதற்குள் அவர் ரயில்வே அமைச்சராக ஐந்து ஆண்டுகளை முழுமையாக நிறைவு செய்துவிட்டார்.