இனின்டி விதை: அன்றும் இன்றும்

கல்யாண முருங்கையை வேலியோரம் நட்டு வெற்றிலைக் கொடியையோ மிளகுக் கொடியையோ ஏற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். சளி பிடித்தால் இலையைப் பறித்து, அரிசியோடு அரைத்து அடை தட்டுவோம். நெற்று வெடித்து உதிர்கிற விதையைப் பெருக்கித் தள்ளுவதோடு சரி. அதே பேரினத்தைச் சேர்ந்த மரம் ஒன்று ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் வளர்கிறது. அங்கே விதைதான் நகை. பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்குக் காசும் அதுதான்.

உலுரு என்ற செம்பாறையைச் சுற்றி, மூன்று மாநில எல்லைகள் கூடுகிற பாலைப்பரப்பில் வாழ்பவர்கள் அணங்கு மக்கள். பிட்ஜன்ட்ஜட்ஜரா, யங்குனிட்ஜட்ஜரா ஆகிய மொழிகளைப் பேசுபவர்கள். அவர்கள் இந்த மரத்தை இனின்டி என்கிறார்கள். விரிந்த வௌவால் சிறகு போன்ற இலை. இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும்போது சிவப்பாகப் பூக்கும். கட்டை லேசானது, குடைய எளிது என்பதால் தண்ணீரும் தானியமும் சுமக்கும் தொட்டி போன்ற பாத்திரத்தை அதில் செதுக்குவார்கள். நெற்றுக்குள் இருப்பது பளபளக்கும் அவரை வடிவ விதை: சில ரத்தச் சிவப்பு, சில ஆரஞ்சு, சில தேன் நிறம்.

அன்று இதற்கு விலை கிடையாது. பெண்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிழங்கும் பழமும் தேடிப் போவார்கள். போகிற வழியில் இனின்டி மரத்தடியில் குனிந்து விதை பொறுக்குவதும் அந்த நாளின் வேலைகளில் ஒன்று. கோப்பதற்கு நூல் வேண்டுமே? வெட்டிய தலைமுடியைக் கதிரில் முறுக்கித் திரித்த கயிறுதான் நூல். சடங்குக்கும் அலங்காரத்துக்கும் அந்த மாலையை அணிந்தார்கள். அணிந்தவருக்கும் செய்தவருக்கும் இடையில் கடைக்காரர் என்று ஒருவர் இருந்ததில்லை.

மாற்றம் வேலிக்கம்பியின் வடிவில் வந்தது. வெள்ளையர் கால்நடைப் பண்ணைகளை நிறுவ, கூடவே இரும்புக் கம்பியும் பாலைக்குள் நுழைந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பி மரத்தில் கோலம் சுடவும் விதையில் துளை போடவும் வாகாக இருப்பதை அணங்கு மக்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1937-இல் அவர்கள் நிலத்தில் உள்ள எர்னபெல்லா என்ற இடத்தில் பிரெஸ்பிடேரியன் திருச்சபை ஒரு மிஷன் நிலையத்தைத் தொடங்கியது. 1948-இல் அங்கே பெண்களுக்காகக் கைவினைக்கூடம் ஒன்று திறந்தது. முடி திரித்த கைகள் ஆட்டு ரோமம் நூற்கத் தொடங்கின. கைவேலைக்குக் கூலி என்பது புழக்கத்துக்கு வந்தது.

இன்று அந்த வேலை எப்படி நடக்கிறது? முல்கா என்ற பாலை மரத்தின் விறகில் தீ மூட்டுகிறார்கள். கம்பிகளின் முனை கனலுக்குள் கிடக்கிறது. ஒன்றைத் துணி சுற்றிய கையால் உருவி, விதையின் ஒரு பக்கத்தில் வைத்து அழுத்தினால் புகை எழும்பிக் கம்பி உள்ளே இறங்கும். ஆறுவதற்குள் மறுபக்கம் வந்துவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் தீயில் வைக்க வேண்டும். சற்று அவசரப்பட்டால் விதை பிளந்துவிடும். துளையின் வாயைச் சுற்றி ஒரு கரிய வளையம் நிற்கும். இயந்திரத் துளைக்கு அந்தக் கரி வளையம் வராது. பிறகு நிறம் பார்த்துப் பிரித்துக் கோக்கிறார்கள். இடையிடையே யூகலிப்டஸ் காய்களும் சேரும். முடிக்கயிறு போய் ஆலை நூல் வந்துவிட்டது.

விற்கும் வழியும் மாறிவிட்டது. 1984-இல் அணங்கு மக்களே உரிமையாளர்களாக மருகு என்ற கைவினை அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வண்டிகள் தொலைதூரக் குடியிருப்புகளுக்குப் போய், செய்து வைத்திருப்பதைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றன. அடுத்த ஆண்டு, 1985 அக்டோபர் 26 அன்று, உலுருவின் உரிமை சட்டப்படி அவர்களிடம் திரும்பி வந்தது. 1995-இல் பெண்கள் மன்றம் ஒன்று தொடங்கிய ஜன்பி பாலை நெசவாளர்கள் அமைப்பில் இன்று 400-க்கும் மேற்பட்ட பெண்கள் புல்லில் கூடைகளும் உருவங்களும் முடைகிறார்கள். அவற்றிலும் இனின்டி விதை கண்ணாகவோ கரையாகவோ ஏறுகிறது. கடையும் கண்ணியும் இல்லாத பாலையில் வேறு வேலைக்கு எங்கே போவது? பேத்திக்குச் செருப்பு வாங்குகிற காசு இந்த மாலையிலிருந்துதான் வருகிறது.

இரும்புக் கம்பியும் ஆலை நூலும் வந்தபின் இதைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமில்லாத கேள்வி. விதை எந்த மரத்தடியில், எந்த மழைக்குப் பிறகு கிடைக்கும், அங்கே போக யாருக்கு உரிமை என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு வருகிற அறிவு. கருவி மாறினாலும் அந்த அறிவு கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆபத்து வருவது வேறு இரண்டு பக்கங்களிலிருந்து.

முதல் ஆபத்து மரத்துக்கே. அதில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்குண்டு. 1860-இல் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டைக் கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் பயணக் குழுவுக்காக அன்றைய இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலேறின. பின்னர் ஆயிரக்கணக்கில் போயின. 1920-களில் மோட்டார் வண்டி வந்ததும் அவற்றைக் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அவை பெருகி இன்று லட்சக்கணக்கில் திரிகின்றன. அவை விரும்பிக் கடித்துத் தின்னும் மரங்களில் இனின்டியும் ஒன்று. மரத்துக்கு அடுத்த எதிரி, காங்கேயம் கொறங்காட்டில் மாடு மேய்கிற அதே கொழுக்கட்டைப் புல். மேய்ச்சலுக்கும் புழுதியை அடக்கவும் அங்கே விதைத்தார்கள். இங்கே வரமான புல் அங்கே சாபமாகிவிட்டது. காய்ந்தால் அது எரிகிற தீயின் உக்கிரம் பாலை மரங்களுக்குப் பழக்கமில்லாதது. தெற்கு ஆஸ்திரேலியா 2015-லும், வடக்குப் பிரதேசம் 2024-லும் அதைக் களை என்று அறிவித்தன.

இரண்டாவது ஆபத்து போலிச் சரக்கு. பழங்குடிக் கலைச் சாயலில் வரும் நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பழங்குடியினர் கைபடாத சரக்குக்கே போகிறது என்று 2022-இல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் சொன்னது. இந்தோனேசியாவில் செய்த பூமராங் போன்றவற்றைப் பழங்குடியினர் செய்ததாகக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதற்குள் நிறுவனமே கலைப்பில் போய்விட்டது. பழங்குடியினர் செய்தது என்று பொய் சொன்னால்தான் சட்டம் பாய்கிறது. எதுவும் சொல்லாமல் அந்தச் சாயலில் விற்றால் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

தலைமுடிக் கயிறு போனதற்காக வருந்த வேண்டியதில்லை. அணங்கு மக்கள் தாங்களே பார்த்து எடுத்த முடிவு அது. மரத்தை ஒட்டகம் தின்பதும், காசை இறக்குமதியாளர் தின்பதும் அவர்கள் கேட்டு வந்தவை அல்ல.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தால் உலுருவுக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. அங்கே விதை மாலை வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு வாங்குங்கள்: இதைச் செய்தவர் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர், விலையில் அவருக்கு எவ்வளவு போகிறது? பதில் இல்லாத கடையில் பையைத் திறக்காதீர்கள். விதை என்பதால் வேறு நாட்டுக்கு எடுத்துப் போகும்போது விமான நிலையச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.