எரிபொருளின் ஜாதகம்

வாகனத்தின் பின்குழாயில் வரும் புகையை மட்டும் பார்த்து ஓர் எரிபொருளை நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்ப்புக் கூறிவந்த பழைய வழக்கத்தை விட்டு, அது விளைந்த வயலையும் ஊறிய எண்ணெய்க் கிணற்றையும், அதைக் காய்ச்சி வடித்த ஆலையையும், சுமந்துவந்த கப்பலையும் ரயிலையும் சேர்த்து, ஜாதகம் கணிப்பதுபோல் ஜனனம் முதலாக அதன் கரியமில வாயுக் கணக்கை எழுதவேண்டும் என்று அமெரிக்க ராஜ்யங்களுள் முதன்முதலாக விதி செய்தது கலிபோர்னியா. 2007 ஜனவரியில் கவர்னர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் பிறப்பித்த உத்தரவின் பேரில் அந்த ராஜ்யத்தின் காற்று வள வாரியம் 2009இல் நிறைவேற்றிய இவ்விதி, 2020க்குள் போக்குவரத்து எரிபொருள்களின் கரியமிலச் சுமையை நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பதையே முதல் லட்சியமாகக் கொண்டிருந்தது.

இன்ன எண்ணெயைத்தான் விற்கவேண்டும் என்று சர்க்கார் கட்டளையிடவில்லை என்பதே இதன் விசேஷம். ஒரு மெகாஜூல் சக்திக்கு எத்தனை கிராம் வாயு என்று ஒவ்வோர் எரிபொருளுக்கும் ஓர் எண் உண்டு. பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய 100. வருஷந்தோறும் இறங்கிக்கொண்டே போகும் ஒரு வரம்பை வாரியம் நிர்ணயிக்க, அதற்கு மேற்பட்டதை விற்பவர் கடனாளியாகிறார். மின்சாரத்தையோ, கழித்த சமையலெண்ணெயில் செய்த டீசலையோ வழங்குபவர் மிச்சமான ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு ‘கிரெடிட்’ சம்பாதிக்கிறார். கடனாளி அந்தக் கிரெடிட்டை விலைகொடுத்து வாங்கியோ, தாமே சம்பாதித்தோ தம் கணக்கைத் தீர்க்கவேண்டும்.

கணக்கின் எல்லை எதுவென்பதில்தான் விவகாரமெல்லாம் முளைத்தது. மக்காச்சோளம் எத்தனாலாக மாறுவதால் உண்டாகும் தானியக் குறைவை ஈடுசெய்ய வேறெங்கோ ஒரு காடு அழியுமானால், அந்த அழிவின் பங்கையும் எத்தனாலின் தலையிலேயே ஏற்றவேண்டும் என்று வாரியம் துணிந்தது. எனக்கு அது நியாயமென்றே படுகிறது. வெளி ராஜ்யங்களின் எத்தனால் உற்பத்தியாளர்கள் தங்களிடம் பட்சபாதம் காட்டப்படுவதாக வழக்குத் தொடுத்தபோது, ஆலையில் எரித்த நிலக்கரியையும் சரக்கு கடந்துவந்த தூரத்தையும் எண்ணுவது மட்டுமே பட்சபாதமாகிவிடாது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

பின்னர் தாவர எண்ணெய் டீசலும் சாண வாயுவும் பெருகவே, 2020இல் 200 டாலரை ஒட்டி நின்ற கிரெடிட்டின் விலை 2023இல் அதில் பாதிக்கும் கீழே சரிந்து, புது முயற்சிகளில் முதல் போடுவோரின் உற்சாகத்தைக் குன்றச் செய்தது. ஆகவே 2024 நவம்பரில் வாரியம் இலக்கை 2030க்கு நூற்றுக்கு 30 என்றும் 2045க்கு 90 என்றும் உயர்த்தியதோடு, சோயா முதலிய பயிரெண்ணெய் டீசலுக்கு ஒரு கம்பெனி பெறும் கிரெடிட்டுக்கும் வரம்பு கட்டியது. பயிரெண்ணெய்க்காகக் காடுகள் அழியாமல் தடுக்க அது அவசியமான காரியமே. ஆனால் பெரிய பால் பண்ணைகளின் சாணக் குட்டைகளிலிருந்து பிடிக்கும் மீத்தேனுக்குப் பூஜ்யத்துக்கும் கீழான எண்ணைச் சூட்டி, பாலைப் போலவே சாணத்தையும் லாபப் பொருளாக்கிய சலுகையை, 2030க்குமுன் தொடங்கும் திட்டங்களுக்கு இன்னும் பல்லாண்டு நீடிக்க விட்டிருப்பதை, அந்தக் குட்டைகளின் அருகே சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வாழும் எளிய ஜனங்கள் ஆட்சேபித்து வருகிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு அந்த ஜாதகத்தில் இதுவரை ஒரு கட்டமும் ஒதுக்கப்படவில்லை.