தங்க முலாம் பூசிய துப்பாக்கியின் மெய்யான பெறுமதி எது?

2023 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆறு தொல்பொருட்கள் நெதர்லாந்திலிருந்து கொழும்பை வந்தடைந்தன. அவற்றுள் முதன்மையானது, பொன்னாலும் வெள்ளியாலும் மாணிக்கக் கற்களாலும் அலங்கரிக்கப்பட்ட ஒரு சிறிய பீரங்கியாகும். லெவ்கே திசாவை என்பவர் 1745 - 46 ஆம் ஆண்டளவில் கண்டி மன்னருக்குக் காணிக்கையாக வழங்கிய இப்பீரங்கி, 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்டது. அதன் பின்னர் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அது நெதர்லாந்திலேயே இருந்தது. அந்நாட்டு ஆய்வாளர்களே ஆவணங்களை ஆராய்ந்து, அது கொள்ளைப் பொருள் என்ற முடிவுக்கு வந்ததையடுத்து, அம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து உரிய நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்பீரங்கி திரும்பி வந்தபோது அதில் எத்தனை பவுண் பொன் இருக்கின்றது என்று எவரும் கேட்கவில்லை. அது யாருடையது, எவ்வாறு கைமாறியது என்பதே பேசப்பட்டது. பொன் பதித்த படைக்கலம் ஒன்றை மதிப்பிடும் கலையின் சாரம் இதிலேயே அடங்கியுள்ளது எனலாம். உலகின் ஏல விற்பனை நிலையங்களில் தங்க முலாம் பூசிய துப்பாக்கிகளை இலட்சக்கணக்கான டொலர் கொடுத்து வாங்குவோர் இருக்கின்றனர். அவர்கள் எதை நோக்கி விலை கொடுக்கின்றனர், எங்கே ஏமாறுகின்றனர் என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம். துப்பாக்கி வாங்குமாறு எவருக்கும் ஆலோசனை கூறுவது எமது நோக்கமன்று. ஒரு பொருளின் விலைக்கும் பெறுமதிக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்விடயம் போன்று தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை என்பதாலேயே இதனைத் தெரிவு செய்தோம்.

படைக்கலத்துக்குப் பொன் பூசும் ஆசை அதிகாரத்தோடு பிறந்தது. 2003 இல் ஈராக்கினுள் நுழைந்த அமெரிக்கப் படையினர் சதாம் ஹுஸைனின் ஆட்சிக்காலத்துத் தங்க முலாம் பூசிய துப்பாக்கிகளைக் கண்டெடுத்தனர். 2011 ஒக்டோபரில் லிபியாவின் கடாபி பிடிபட்டபோது, அவரது பொன்னிறக் கைத்துப்பாக்கியை ஓர் இளம் போராளி உயர்த்திக் காட்டிய படம் உலகெங்கும் வெளியானது. மெக்சிக்கோவின் போதைப்பொருள் கும்பல்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட இத்தகைய ஆயுதங்களை அந்நாட்டு இராணுவம் ஒரு நூதனசாலையிலேயே வைத்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலோ இது ஒரு வணிகம். ஞாபகார்த்தப் பதிப்புகள் என்ற பெயரில் தங்க முலாம் பூசிய துப்பாக்கிகள் அழகிய பெட்டிகளில் விற்கப்படுகின்றன. எனவே, அங்குள்ள அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் இவ்வாறான துப்பாக்கி ஒன்றை வாங்கு முன்னர் எவற்றைக் கவனிப்பார் என்று பார்ப்போம்.

முதலாவது, பொன்னின் அளவு. கொழும்பு செட்டியார் தெருவில் நகை வாங்கச் செல்பவர் மாற்றையும் நிறையையும் கேட்ட பின்னரே செய்கூலியைப் பற்றிப் பேசுவார். '24 கரட் தங்கம்' என்ற விளம்பரத்தைக் கண்டவுடன் துப்பாக்கி வாங்குபவர் இந்த எளிய கணக்கை மறந்துவிடுகின்றார். கரட் என்பது பொன்னின் தூய்மையைக் குறிக்கின்றதேயன்றி அதன் அளவைக் குறிப்பதில்லை. மின்முலாம் பூச்சின் தடிப்பு மைக்ரோன் கணக்கில் அளக்கப்படுகின்றது. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கைத்துப்பாக்கியின் மேற்பரப்பு 400 சதுர சென்ரிமீற்றர் என்றும், பூச்சு 2.5 மைக்ரோன் என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள பொன் இரண்டு கிராமுக்கும் குறைவானதே. பவுண் கணக்கிற் கூறுவதாயின் கால் பவுண் கூட இல்லை. ஆகவே, பொன்னுக்காக அதிக விலை கொடுப்பவர் உண்மையில் நிறத்துக்கே விலை கொடுக்கின்றார்.

இரண்டாவது, பொன் சேர்க்கப்பட்ட முறையும் காலமும். உருக்கில் நுண்ணிய பள்ளங்களைச் செதுக்கி அவற்றினுள் பொற்கம்பியை அடித்து இறுக்குவது ஒரு முறை. இது தேர்ந்த கைவினைஞரின் மாதக்கணக்கான உழைப்பு. பாதரசத்துடன் பொன்னைக் கலந்து பூசித் தீயிற் காய்ச்சுவது மற்றொரு பழைய முறை. பாதரச ஆவியினால் தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்த முறையும் இதுவே. மின்முலாம் பூசுவதோ சில மணி நேர வேலை. இம்மூன்றும் ஒரே நிறத்தில் மின்னினாலும் ஒரே மதிப்புடையவை அல்ல.

அதைவிட முக்கியமானது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே அதில் பொன் இருந்ததா என்பதாகும். தேய்ந்து துருப்பிடித்த பழைய துப்பாக்கியை மினுக்கி முலாம் பூசி விற்பது நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. முலாம் பூசு முன்னர் உருக்கை அராவித் தேய்க்க வேண்டியிருப்பதால் கூரிய விளிம்புகள் மழுங்கும். பொறிக்கப்பட்ட எழுத்துகளும் தொடரிலக்கமும் ஆழங்குறைந்து மங்கும். திருகாணித் துளைகளின் ஓரங்கள் குழிந்து காணப்படும். இவ்வடையாளங்களைப் பெரிதாக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு எவரும் பார்க்கலாம். ஐயம் தீராதவிடத்து ஆவணங்கள் உதவும். கோல்ட் நிறுவனம் தனது பழைய ஏடுகளைப் பார்த்து, குறித்த தொடரிலக்கத் துப்பாக்கி எப்போது, எவருக்கு, எத்தகைய மேற்பூச்சுடன் அனுப்பப்பட்டது என்று கடிதம் வழங்குகின்றது. வின்செஸ்டர் துப்பாக்கிகளின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்திலுள்ள கோடி நூதனசாலையில் உள்ளன. ஏட்டில் நீலக் கருமை என்றிருந்து கையிலுள்ளது பொன்னிறமாக இருந்தால், அப்பொன் மதிப்பைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்ற சொற்றொடர் வாங்குபவரின் அறிவை மயக்க வல்லது. எத்தனை என்ற எண் கூறப்படாத வரையறை வரையறையே அன்று. வின்செஸ்டர் நிறுவனம் 1966 இல் தனது நூற்றாண்டையொட்டிப் பொன் முலாம் பூசிய உடற்பகுதி கொண்ட ஞாபகார்த்தத் துப்பாக்கியை வெளியிட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. வாங்கியோரிற் பலர் பிற்காலத்தில் விலை ஏறும் என்று எண்ணி, ஒரு தடவைகூடச் சுடாமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்தினர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எவருக்கும் அரிதாக இருக்க முடியாது. சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் பெரும்பாலும் சேகரிப்பாளரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதில்லை என்பதற்கு இது தக்க உதாரணம்.

நான்காவது, நிலைமை. ஞாபகார்த்தப் பதிப்பாயின் மூலப் பெட்டியும் பத்திரங்களும் உடனிருக்க வேண்டும். சுடப்பட்டதற்கான அடையாளம் இருத்தலாகாது. பொன் துருப்பிடிப்பதில்லை, ஆனால் மெல்லிய பூச்சிலுள்ள நுண்துளைகளினூடாக ஈரம் புகுந்து அடியிலுள்ள உருக்கைத் தாக்கும். மேற்பரப்பிற் சிறு கொப்புளங்களும் கரும்புள்ளிகளும் தோன்றினால் நோய் உள்ளே இருக்கின்றது என்று அறிய வேண்டும். தோலுறையில் நெடுங்காலம் வைத்திருப்பதும், மினுக்குப் பசையிட்டுத் துடைப்பதும் கெடுதியானவை. ஒவ்வொரு துடைப்பும் கொடுத்த விலையிற் சிறிதைத் துணியோடு கொண்டுபோகும்.

ஐந்தாவது, கைமாறிய வரலாறு. விலையை உண்மையில் நிர்ணயிப்பது இதுவே. 1881 இல் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற பற் கரெட் என்ற ஷெரிபின் கோல்ட் ரிவோல்வர், 2021 ஓகஸ்டில் பொனாம்ஸ் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கும் அதிகமாக விலைபோனது. அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. பொன்னும் வெள்ளியும் பதித்த நெப்போலியனின் இரு கைத்துப்பாக்கிகள் 2024 ஜூலையில் பிரான்ஸில் 16.9 இலட்சம் யூரோவுக்கு விற்பனையாயின. முடிதுறக்க நேர்ந்த 1814 இல் அவற்றால் அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள எண்ணினார் என்ற வரலாறே அவ்விலைக்குக் காரணமாயிற்று.

எனினும், வரலாறு என்பது வாய்ச்சொல் அன்று. 'இது இன்ன மன்னருடையது', 'இன்ன தளபதியிடமிருந்து எடுக்கப்பட்டது' என்று விற்பவர் கூறும் கதை, தொடரிலக்கத்தோடு பொருந்தும் கடிதமோ, பழைய ஏலப் பட்டியலோ, நாளிடப்பட்ட ஒளிப்படமோ இன்றி ஒரு சதமும் பெறாது. கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்பது இத்துறையினரிடையே வழங்கும் அறிவுரை.

ஆறாவது, சட்டம். ஐக்கிய அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1898 அல்லது அதற்கு முன்னர் செய்யப்பட்டவை பழம்பொருட்களாகக் கொள்ளப்படுகின்றன. அதற்குப் பிந்தியதை உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குபவர் பின்னணிப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். முலாம் பூசியதனால் சுடும் துப்பாக்கி ஆபரணமாகிவிடுவதில்லை. எமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். வெளிநாட்டு ஏலத்தில் வென்றுவிட்டதனாலேயே அதனை இங்கு கொண்டுவந்துவிடலாம் என்று எவரும் எண்ணலாகாது.

இந்த ஆறினுள்ளும் ஐந்தாவது மட்டுமே இருபுறமும் வெட்டும் வாளாகும். கைமாறிய வரலாறு விலையை உயர்த்துகின்றது. அதே வரலாறு, வைத்திருப்பவரின் உரிமையையும் கேள்விக்குள்ளாக்குகின்றது. திப்பு சுல்தானுக்காக 1793 - 94 இல் அஸத் கான் முஹம்மத் என்ற கைவினைஞர் செய்த வேட்டைத் துப்பாக்கி கோர்ன்வாலிஸ் பிரபுவின் கைக்குச் சென்றது. 2023 இல் அதன் மதிப்பு 20 இலட்சம் பவுண்களாக இருந்தபோது, அது நாட்டை விட்டு வெளியேறாதவாறு பிரித்தானிய அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. மைசூரின் மன்னருக்காகச் செய்யப்பட்ட பொருள் பிரித்தானியாவை விட்டு நீங்கலாகாது என்று பிரித்தானியா கூறுவதிலுள்ள முரணை வாசகர்கள் உணர்வர். அதே ஆண்டிலேதான் லெவ்கே திசாவையின் பீரங்கியை நெதர்லாந்து திருப்பி அனுப்பியது. ஒரே கேள்விக்கு இரு நாடுகள் இரு விடைகளை அளித்தன.

இக்கேள்வி எமக்கு அந்நியமானதன்று. பொன்னும் துப்பாக்கியும் ஒன்றாகச் சந்தித்த வேளைகளை எமது மக்கள் பெரும் விலை கொடுத்து அறிந்துள்ளனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், நகைகளையும் உடைமைகளையும் இழந்து சொற்பப் பணத்துடன் வழிநடந்தனர். வன்னியின் இறுதிப் போரில் தமிழ் மக்கள் தாலிக்கொடி முதலாக யாவற்றையும் இழந்தனர். போரின் முடிவில் அங்கு கண்டெடுக்கப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்திலேயே இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. அந்நகைகளின் நிறையை ஒரு தராசு சில நிமிடங்களிற் கூறிவிடும். அவை யாருடையவை என்பதைக் கூற வல்லது, உரியவர்களிடம் எஞ்சியிருக்கக்கூடிய ஒரு பற்றுச்சீட்டோ, ஒரு பழைய திருமணப் படமோதான். அவற்றையும் போரிற் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்?

மன்னரின் பீரங்கிக்கு ஏடுகள் சாட்சி கூறின. ஏழைத் தாயின் காப்புக்கு அத்தகைய ஏடு இல்லை. ஆகையால், காணி உறுதி, நகைப் பற்றுச்சீட்டு, பழைய படம், பரம்பரைப் பொருளைப் பற்றிய நாளிட்ட குறிப்பு ஆகியவற்றைப் பிரதி எடுத்து வேறிடத்திலும் வைத்திருப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். உரியவர்களைத் தேடும் பொறுப்பை, ஆவணமில்லாதவர்களின் சாட்சியத்துக்கும் இடமளித்து நிறைவேற்றுவது அரசின் கடமையாகும்.

பொன் பூசிய துப்பாக்கியைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர் முதலிற் கேட்க வேண்டியது அதன் விலையை அன்று; அது இங்கே எவ்வாறு வந்தது என்பதையே. பூட்டிய அறைகளில் இன்றும் பொன்னைக் காத்து நிற்கும் எவரிடமும் எமது மக்கள் கேட்பதும் அதே கேள்விதான்.