விட்டுப்போன எண் எங்கே?

"நூறு வரைக்கும் கடகடவென்று ஒப்பிக்கிறாள், நடுவில் ஒரு எண்ணை மறைத்தால் முழிக்கிறாள். இவளுக்குக் கணக்கே வராது போலிருக்கு!" குழந்தையின் காது கேட்கவே இப்படிச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. சொல்லாதீர்கள், சகோதரிகளே! அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொள்ளும். ஒப்பிப்பது பாட்டு மாதிரி. எண்ணின் இடம் தெரிவது வேறு.

செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை கட்டம் போட்டு, 1 முதல் 100 வரை எழுதுங்கள். 47-ன் மேல் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். இடது பக்கம் 46, வலது பக்கம் 48, நடுவில் என்ன? அது பழகியதும் பக்கத்து எண்களையும் மூடிவிடுங்கள். மேலே 37, கீழே 57. ஒரு கட்டம் இறங்கினால் பத்து கூடும், ஏறினால் பத்து குறையும். கடைசியில் உள்ள 7 மாறுவதே இல்லை. இது பிடிபட்டால் 1-லிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியதில்லை.

89-ஐத் தாண்டும்போது பிள்ளைகள் தடுமாறுவது சகஜம். 'தொண்ணூறு' என்பதில் 'நூறு' காதில் விழுகிறதே! கடைசி வரிசையில் தினம் ரெண்டு கொட்டை கூடுதலாக வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டை வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். காகிதத் துண்டே போதும்.

பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நடுநடுவே நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையை மறைத்து வைக்கச் சொல்லுங்கள். என் தங்கை பெண்ணுக்கு, "பெரிம்மா, நீ சொல்லு பார்க்கலாம்!" என்று என்னை மடக்குவதில்தான் குஷி!