மூளையும் வீட்டுக் கணக்குப் பார்க்கிறது



மஹய்யாவையில் மாதக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மிஸ், இவளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேணும்."

2009இல் முல்லைத்தீவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர் அவர். மாநகரசபை லைன் வீட்டில் இருந்த அக்காவோடு ஒண்டினார், இன்றும் அங்கேதான். அந்தக் குழந்தை இப்போது சாதாரண தரம் சித்தியடைந்துவிட்டாள். உயர்தரத்துக்கு உயிரியலா, கணிதமா என்பதுதான் வீட்டில் சண்டை. தாய்க்கு டொக்டர் ஆசை. மகளுக்குக் கணக்கு என்றால் சோறு வேண்டாம்.

ஆனால் வாசலில் வைத்து மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னது வேறு. "பெரஹெராவுக்கு வெடி போட்டால் அம்மா மேசைக்குக் கீழே போயிருவா மிஸ். மூளைக்குள்ளே என்ன நடக்குது என்று எனக்குத் தெரிய வேணும். அதுக்கு உயிரியல்தானே படிக்கணும்?"

நான் அவளுக்கு விஜய் பாலசுப்பிரமணியம் என்பவரைப் பற்றிச் சொன்னேன். இந்திய வம்சாவளியினர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். எம்.ஐ.டி.யில் பௌதிகவியலும் கணினி விஞ்ஞானமும் படித்து, பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய ஒரு வேலை கருந்துளைகளைப் பற்றியது. ஒளிகூடத் தப்பி வர முடியாத அந்த இடங்களும் மெல்ல மெல்லக் கசிந்து கரையும் என்று 1974இல் ஸ்டீபன் ஹோக்கிங் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியானால் உள்ளே விழுந்த பொருளின் தகவல் அழிந்துபோகிறதா, எங்காவது மிஞ்சுகிறதா? பௌதிகவியலாளர்கள் இன்றும் இதோடுதான் மல்லாடுகிறார்கள்.

அவருடைய மற்ற வேலை மூளையைப் பற்றியது. "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தாய் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டிலும் அவர் தேடுவது ஒன்றைத்தான்: தகவல் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது?

நமது மூளை உடம்பின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அப்படிப் பார்த்தாலும் சுமார் 20 வாட். பழைய 40 வாட் மின்குமிழில் பாதி. கரண்ட் பில்லை மடித்து இடுப்பில் செருகியிருந்த ஓர் அக்கா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். மூளையில் ஒவ்வொரு செய்தியை அனுப்பவும் செலவு உண்டு. ஆகவே அது நம்மைப் போலவே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறது.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையில் வெளிச்சம் கூடும்போது செய்தி சொல்லும் கலங்களும் உண்டு, குறையும்போது சொல்லும் கலங்களும் உண்டு. இரண்டாவது வகையே அதிகம். ஏன்? பாலசுப்பிரமணியமும் அவருடைய கூட்டாளிகளும் 2010இல் விடை சொன்னார்கள். மரம், புல், கல் என்று இயற்கைக் காட்சிகளை அளந்து பார்த்தால், வெளிச்சத் திட்டுகளைவிட இருண்ட திட்டுகளே அதிகம். சொல்ல அதிகம் இருக்கும் பக்கத்தில் கண் அதிகம் செலவழிக்கிறது. அறுத்துப் பார்த்து மட்டும் இதைக் கண்டிருக்க முடியாது, கணக்கும் வேண்டியிருந்தது.

அம்மாவின் நடுக்கத்துக்கு அவருடைய ஆய்வில் விடை இல்லை, அதை ஆராய்பவர்கள் வேறு. ஒன்றை மட்டும் தாயிடம் சொன்னேன். ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற சிறு பகுதி மூளைக்குள் இருக்கிறது. போரைக் கண்டவருக்கு வெடிச்சத்தம் கேட்டதும் அது முந்திக்கொண்டு உடம்பை ஓட வைக்கும். அது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எம்.ஐ.டி.யில் படித்தவரைக் காட்டி "நீயும் அப்படி ஆகலாம்" என்று லைன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படித்த பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாத ஒரே காரணத்தால் கலைப்பிரிவுக்குப் போனவள் நான். சமூகவியல் எனக்குப் பிடித்துப்போனது வேறு கதை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பௌதிகவியல் இரண்டு பிரிவிலும் உண்டு. கணிதம் படித்தவர் பிறகு மூளை ஆய்வுக்குப் போகலாம். உயிரியல் எடுத்தவர் கணிதம் விட்டுப்போனால் பிறகு அதைப் பிடிப்பது கடினம் என்பது என் அபிப்பிராயம். இதையே தாயிடமும் சொன்னேன்.

"அப்ப டொக்டர்?" என்றார் அவர்.

"அவளையே கேளுங்கள் அக்கா."

படிவம் கொடுக்க இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் பௌதிகவியல் ரியூஷன் வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்க, தாயும் மகளும் நானும் சேர்ந்து போகிறோம்.