பேதியை நிறுத்துவதா... நீரை நிரப்புவதா?

"டாக்டர், காலையில இருந்து ஆறு தடவை போயிட்டான். முதல்ல இதை நிறுத்துறதுக்கு ஒரு மருந்து குடுங்க!"

வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கூட வந்த பாட்டி, "மாந்தம்தான். சோத்தை நிறுத்துன்னா கேட்டாத்தானே?" என்பார். அப்பாவின் சட்டைப் பையில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை இருக்கும்.

மூவருக்குமே குழந்தை மேல் அக்கறைதான். ஆனால், மூவரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இதுவரை உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது, அதில் எவ்வளவு திரும்ப உள்ளே போயிருக்கிறது? வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கு தவறும்போதுதான்.

எது வயிற்றுப்போக்கு?

ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. சித்த மருத்துவத்தில் 'கழிச்சல்' என்போம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளங்குழந்தை, பால் குடித்ததும் மஞ்சளாக இளகிப் போவது இயல்பு. குழந்தை நன்றாகக் குடித்து, எடையும் ஏறினால் பயப்பட வேண்டாம்.

சிறு குழந்தைகளுக்கு வரும் பேதிக்கு ரோட்டா போன்ற வைரஸ்கள் முக்கியக் காரணம். சில நாட்களில் தானே அடங்கிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. குடலின் அசைவைக் கட்டிப்போட்டு பேதியை நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வயிறு உப்பி, ஆபத்தில் முடியலாம்.

நீர் வற்றுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. உங்கள் கண்ணும் கையும் போதும்.

குழந்தை நை நை என்று அழுதுகொண்டே இருக்கிறதா? டம்ளரைக் கண்டதும் தாவிப் பிடித்துக் குடிக்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? அழுதால் கண்ணீர் வரவில்லையா? சிறுநீர் குறைந்துவிட்டதா? தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நடுவே தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்கு வர வேண்டும். மெதுவாக வந்தால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் நிலைமை மோசம்.

கைக்குழந்தைகளுக்கு இன்னொரு அடையாளம், உச்சிக்குழி உள்வாங்குவது. "உச்சி இறங்கிடுச்சு" என்று பாட்டிமார் சொல்வார்களே... அவர்கள் பார்த்தது சரிதான்! ஆனால், அதற்குப் பிறகு செய்வதுதான் தப்பு. தொக்கம் எடுப்பவரைத் தேடுவார்கள். குடல் தட்டுபவரிடம் தூக்கிப் போவார்கள். அங்கே காத்திருக்கும் நேரமெல்லாம் குழந்தை மேலும் வற்றிக்கொண்டிருக்கும். வயிற்றை அமுக்குவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் காயத்தையும் உண்டாக்கும். நானும் நம் வைத்தியத்தைப் படித்தவன்தான். அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்: இறங்கிய உச்சியை ஏற்றுவது கை அல்ல, நீர்.

பெரிய டிரம்களில் ஒரு மருந்து

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளுக்கு அவர்களின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு நான்குக்கும் கீழே இறங்கியது!

காரணம் எளிமையானது. பேதியின்போதுகூட குடல் சுவரில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கைகோத்து வந்தால் அது உள்ளே விடும். அவற்றின் பின்னாலேயே நீரும் போகும். சர்க்கரை கூடிப்போனால் விளைவு தலைகீழ். குடல் உள்ளிருந்து நீரை இழுத்து, பேதியை அதிகமாக்கும். குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், வெறும் குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம் என்பது இதனால்தான். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பழ பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தடை விதித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கலப்பதும் கொடுப்பதும்

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பவுடர் வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 'கொஞ்சம் பவுடர், கொஞ்சம் தண்ணீர்' கணக்கு உதவாது. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்; மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

நள்ளிரவில் பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் நிதானமாகத் தொடருங்கள். "குடிச்சதெல்லாம் வெளிய வருதே" என்று விட்டுவிடாதீர்கள். கொஞ்சமாவது உள்ளே தங்கும்.

கூடவே துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம். இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். பேதி நின்ற பிறகும் 14 நாள் முடிய வேண்டும். மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பட்டினி வேண்டாம்

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வளர்ந்த குழந்தைக்கு உப்புப் போட்ட நொய்க்கஞ்சி, பொரிகஞ்சி, மோர் சாதம், இட்லி, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இளநீர் நல்லதே. ஆனால் அதில் உப்புச்சத்து குறைவு, ஓ.ஆர்.எஸ். செய்யும் வேலையை அது செய்யாது.

மாதுளம்பழ ஓட்டுக் கஷாயம் கழிச்சலுக்கு உண்டுதான். ஆனால், அதைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்துப் புகட்டுவது, யாரோ சொன்ன சூரணம் கொடுப்பது... வேண்டவே வேண்டாம். எந்த மருந்தானாலும் முதலில் நீர், அப்புறம்தான் மற்றது.

உடனே மருத்துவமனைக்கு!

* இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை
* மலத்தில் ரத்தம்
* குடிக்க முடியாத சோர்வு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம்
* எதைக் கொடுத்தாலும் விடாத வாந்தி, பச்சை நிற வாந்தி
* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
* வயிறு உப்புதல், கடும் காய்ச்சல், வலிப்பு
* மூன்று நாளாகியும் குறையாத பேதி

108-ஐ அழைத்தாலும் சரி, ஆட்டோவில் போனாலும் சரி, குடிக்கும் நிலையில் குழந்தை இருந்தால் வழியெல்லாம் ஸ்பூனில் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் ரோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். சாப்பாடு ஊட்டும் முன்பும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, காலாவதி தேதி பார்த்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேட வேண்டியிருக்காது.